கம்பெனியை அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே விற்பது: விலை, வரி, பேங்க் எல்லாம் எப்படி?

கணபதி டர்னிங் கேட்டது:

வணக்கம். கோவையில் பம்ப் பாகங்கள் கடைசல் போடும் சிஎன்சி யூனிட், பிரைவேட் லிமிடெட். ஷேர் எனக்கு 70%, மனைவிக்கு 30%. எனக்கு வயது 64. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் செட்டில், எடுத்து நடத்தப் போவதில்லை. வெளியிலிருந்து விலை பேச வருகிறவர்களுக்குக் கண் இடத்தின் மேல்தான். மிஷினை ஏலம் போட்டுவிட்டு ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அதனால் உள்ளே இருக்கும் ஆறு பேருக்கே கொடுத்துவிடலாமா என்று யோசனை.

கணக்கு இது: மொத்தம் 38 பேர். விற்றுமுதல் 9 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 1.05 கோடி, தேய்மானம் 45 லட்சம். செலுத்திய மூலதனம் 80 லட்சம் (100 ரூபாய் ஷேர் 80,000), ரிசர்வ் 2.9 கோடி. பேங்கில் சிசி (கேஷ் கிரெடிட், அன்றாட ஓட்டத்துக்கான கடன் வரம்பு) 1.2 கோடி, டேர்ம் லோன் 60 லட்சம். இரண்டுக்கும் எங்கள் வீடு ஈடு, நானும் மனைவியும் ஜாமீன். கம்பெனிக்கு நான் ஈடில்லாமல் போட்ட அன்செக்யூர்டு லோன் 90 லட்சம் அப்படியே நிற்கிறது. இடமும் ஷெட்டும் மனைவி பெயரில். மாதம் 60,000 வாடகை, பத்திரம் கிடையாது.

ஆறு பேர் என்றால்: புரொடக்‌ஷன் மேனேஜர் (51), டூல் ரூம் (55), குவாலிட்டி (46), அக்கவுண்ட்ஸ் (48), புரோகிராமர் இருவர் (31, 33). யாரிடமும் பெரிய பணம் இல்லை. எனக்கு 4.5 கோடி வேண்டும், 5 வருடத்தில் முடிய வேண்டும். நடக்குமா?

ஆடிட் டேபிள்:

5 வருடத்தில் 4.5 கோடி வராது. ஏன் என்று முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் புரியும்.

1.05 கோடியில் 25.17% வரி போனால் 78.5 லட்சம். தேய்மானத்தைக் கூட்டினால் 123.5. டேர்ம் லோன் அசல் வருடம் 20 லட்சம், பழைய மிஷின் மாற்ற 40, சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்குவது 15 என்று வைத்தால் மிச்சம் 48 லட்சம் சொச்சம். வாங்குகிறவர்கள் கையில் பணமில்லாதபோது உங்களுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் இந்த 48-லிருந்துதான் வந்தாக வேண்டும். நடுவில் ஒரு பைசா வரி இல்லாவிட்டாலும் 9 வருடத்துக்கு மேல் ஆகும். மிஷின் மாற்றும் 40 லட்சத்தில் கை வைத்தால் வேகமாக முடியும். ஆனால் உங்கள் பாக்கி தீருகிற வருடம் அவர்களிடம் டாலரன்ஸ் (அளவுத் துல்லியம்) பிடிக்காத மிஷின்கள்தான் இருக்கும்.

அடுத்து விலை. மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த நெட்வொர்த் 3.7 கோடி. கிராஜுவிட்டிக்கு ஒதுக்கீடு இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை, இந்த அளவு யூனிட்களில் பெரும்பாலும் இருக்காது. சராசரி பேசிக், டிஏ சேர்த்து 16,000, சராசரி சர்வீஸ் 14 வருடம் என்றால் ஒருவருக்கு 16,000 × 15/26 × 14 = 1.29 லட்சம். 38 பேருக்கு 49 லட்சம். இது உங்கள் காலத்தில் சேர்ந்த கடன். அதை வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு முழு விலை கேட்க முடியாது. ஆக்சுவரியிடம் (இந்த மாதிரி வருங்காலக் கடனைக் கணக்கிடும் நிபுணர்) கணக்கு வாங்கி புத்தகத்தில் ஏற்றுங்கள். கழித்தால் 3.2 கோடி, அதாவது ஷேர் 400 ரூபாய்.

இந்த 400-ஐ நீங்கள் நினைத்தபடி குறைக்கவும் முடியாது. லிஸ்ட் ஆகாத ஷேருக்கு வருமான வரி விதி 11யூஏ-படி ஒரு நியாய மதிப்பு உண்டு. "நம்ம பசங்கதானே" என்று 250-க்குக் கொடுத்தால், 50சிஏ-படி நீங்கள் 400-க்கு விற்றதாகவே உங்களுக்கு வரி. வாங்கியவருக்கு 56(2)(எக்ஸ்)-படி மிச்சம் 150 வருமானமாக வரி, ஒருவருக்கு மொத்த வித்தியாசம் 50,000 தாண்டினாலே. சலுகை கொடுக்க நினைத்து இரண்டு பக்கமும் வரி கட்டும் நிலைமை. (பிரிவு எண்களெல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், எண்கள் வேறு. ஆடிட்டரிடம் பேசும்போது பழைய எண்ணைச் சொன்னால் புரியும்.)

இடம் கம்பெனி பெயரில் இல்லாதது நல்லதாயிற்று. இருந்திருந்தால் இதே விதி அதை கைட்லைன் மதிப்பில் எடுத்துக்கொள்ளும், ஷேர் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும்.

ஒரே வருடத்தில் எல்லா ஷேரையும் மாற்றிவிட்டு பணத்தைத் தவணையில் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மூலதன ஆதாய வரி ஷேர் கைமாறிய வருடத்திலேயே முழுசாக விழும், பணம் வந்ததா என்று பார்க்காது. 400 ரூபாயில் வாங்கிய விலை 100 போக, 80,000 ஷேருக்கு ஆதாயம் 2.4 கோடி. 12.5%, அதன் மேல் சர்சார்ஜ், செஸ் சேர்த்து இருவருக்குமாக 35 லட்சம் போல ஆகும். அந்த வருடம் அவர்கள் முன்பணமாக 15% கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 48 லட்சம்தான். ஆகவே பகுதி பகுதியாக விற்க வேண்டும்.

ஒரு வடிவம் சொல்கிறேன். முதல் வருடம் 16,000 ஷேர் (20%) ஆறு பேருக்கு, 64 லட்சம். ஆதாயம் 48 லட்சம், வரி 6.24 லட்சம். இருவர் பெயரிலிருந்தும் பிரித்து விற்றால் சர்சார்ஜ் வரம்புக்குள் நிற்கலாம். முன்பணம் 9.6 லட்சம், மிச்சம் 54.4 லட்சம் 6 வருடத் தவணை.

அதன்பின் கம்பெனியே தன் பணத்தில் உங்கள் ஷேரைத் திரும்ப வாங்கட்டும் (பைபேக்), ஒரு தடவைக்கு 10,000 ஷேர் வீதம் மூன்று தடவை. வாங்கிய ஷேர் ரத்தாகிவிடும். ஆறு பேரும் தங்கள் ஷேரை பைபேக்குக்குக் கொடுக்காமல் இருந்தால் போதும். மூன்றும் முடிந்தபோது மொத்தமே 50,000 ஷேர்தான் இருக்கும். அவர்களுடைய 16,000 இப்போது 32%, கூடுதலாக ஒரு ரூபாய் போடாமல். பிறகு 21,000 ஷேர் இரண்டாம் விற்பனை. அவர்கள் 37,000, நீங்கள் 13,000. சரியாக 74-க்கு 26.

அந்த 26-ஐக் கடைசிக் காசு வரும்வரை விடாதீர்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். நீங்கள் இல்லாமல் ஆர்ட்டிகிள்ஸை (கம்பெனியின் உள்விதிகள்) திருத்த முடியாது.

பைபேக்குக்கான கட்டுப்பாடுகள்: ஒரு வருடத்தில் ஈக்விட்டி மூலதனத்தில் 25%-க்கு மேல் கூடாது, 10% தாண்டினால் போர்டு தீர்மானம் போதாது, சிறப்புத் தீர்மானம் வேண்டும். முடித்த பின் கடன் விகிதம் 2:1-க்குள் இருக்க வேண்டும், அடுத்ததற்கு ஒரு வருட இடைவெளி. பேங்கில் கடன் வாங்கி பைபேக் செய்யக் கூடாது. இதன் மீதான வரி அடிக்கடி மாறுகிறது. 2024 அக்டோபருக்கு முன் கம்பெனி கட்டியது, பிறகு ஷேர் வைத்திருப்பவர் தலைக்கு வந்தது. செய்யப்போகும் வருடத்துச் சட்டத்தைப் பார்த்த பிறகு மட்டும் கணக்குப் போடுங்கள்.

டிவிடெண்ட் கொடுத்து அதில் அவர்கள் தவணை கட்டட்டும் என்பது இங்கே வேலைக்கு ஆகாது. 20% வைத்திருப்பவருக்கு டிவிடெண்டிலும் 20%தான், மிச்சம் உங்களுக்கே வந்து அதற்கும் வரி கட்டுவீர்கள். தவணைக்குரிய பணம் போனஸாகப் போகட்டும். ஆனால் போனஸை ஷேர் விகிதத்தில் பிரித்தால் "இது லாபப் பங்கு, செலவு இல்லை" என்று 36(1)(ii)-ல் மறுக்க இடமுண்டு. ரிஜெக்‌ஷன் சதவீதம், டெலிவரி, மிஷின் ஓடிய நேரம் என்று வேலையோடு கட்டி, வருட ஆரம்பத்திலேயே எழுத்தில் கொடுங்கள்.

பீளமேடு ஷாப்ஃப்ளோர்:

வரிக் கணக்கு மேலே சரியாக இருக்கிறது. ஆறு பேர் பட்டியலில்தான் எனக்குக் கேள்வி.

டூல் ரூம்காரருக்கு 55. தவணை முடிவதற்குள் ரிட்டையர் ஆகிறவருக்கு ஷேர் விற்றால், அவர் கட்டி முடிக்கும் முன்பே அதைத் திரும்ப வாங்கப் பணம் தேட வேண்டும். அவருக்கு நல்ல தொகையாக போனஸ் கொடுங்கள், ஷேர் வேண்டாம். மேனேஜருக்கு 51, அக்கவுண்ட்ஸுக்கு 48. நீங்கள் வெளியேறி முடிக்கும்போது இவர்கள் இருவரும் 60-ஐ நெருங்கியிருப்பார்கள். உங்களுக்கு இன்று வந்த அதே கேள்வி அன்று அவர்களுக்கு வரும், அதுவும் இருவருக்கும் ஒரே சமயத்தில். அதனால் பெரிய பங்கு 31, 33 வயதுக்காரர்களுக்குப் போக வேண்டும். சீனியருக்கு இது கசக்கும். கசந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு பேருக்கும் சமமாகப் பிரிப்பதும் வேண்டாம். மூணுக்கு மூணு என்று நின்றால் ஸ்பிண்டில் மாற்றுவதற்குக்கூட முடிவு வராது. ஒருவர் எம்.டி. என்று எழுத்தில் இருக்கட்டும், சம ஓட்டு வந்தால் உங்கள் பாக்கி தீரும்வரை தீர்க்கும் ஓட்டு உங்களுடையது.

ஷேர் வைத்திருப்பவர் வேலையை விட்டால் என்ன என்பதில்தான் எல்லாச் சண்டையும். நான்கு நிலைமைகளுக்கும் விலை எழுதுங்கள்: ஓய்வு, இறப்பு அல்லது உடல் முடியாமை, தானாக விலகிப் போவது, தவறு செய்து நீக்கப்படுவது. முதல் இரண்டுக்கும் அந்த வருட நியாய மதிப்பு, 3 வருடத் தவணை. விலகிப் போகிறவருக்கும் மதிப்பு அதேதான், ஆனால் தவணையை 5 வருடமாக நீட்டலாம். நீக்கப்படுபவருக்கு "போட்ட காசு மட்டும்" என்று எழுத ஆசை வரும். மேலே சொன்ன இரட்டை வரி அங்கேயும் வரும் என்பதால் ஆடிட்டரைக் கேட்காமல் எழுதாதீர்கள். இறப்பில் ஷேர் மனைவி மக்களுக்கு வாரிசாகப் போகும், அவர்கள் கம்பெனிக்கு விற்றே ஆக வேண்டும் என்ற விதி இல்லையென்றால் பத்து வருடத்தில் பாதி ஷேர் வேலை செய்யாதவர்கள் கையில் இருக்கும்.

இதையெல்லாம் தனி ஒப்பந்தத்தில் எழுதி வைத்தால் போதாது. ஷேர் மாற்றத்துக்கான தடை ஆர்ட்டிகிள்ஸில் இல்லையென்றால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று வி.பி. ரங்கராஜ் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இரண்டிலும் ஒரே வாசகம் இருக்கட்டும்.

இன்னொன்று: முதலாளி தலையில் மட்டும் இருக்கும் வேலைகள். கொட்டேஷன் போடுவது (சைக்கிள் டைம், மிஷின் மணி ரேட், இன்செர்ட் தேய்மானம், ரிஜெக்‌ஷனுக்கு எவ்வளவு சேர்ப்பது), கஸ்டமரிடம் ரேட் ஏற்றிக் கேட்பது, காஸ்டிங் சப்ளையரிடம் கடன் நாள் பேசுவது, பேங்க், ஸ்க்ராப். ஷேர் கைமாறும் முன் 18 மாதம் இவை ஒவ்வொன்றையும் ஒருவர் உங்கள் முன்னால் செய்து பழக வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பாகம்.

ஸ்க்ராப் என்றதும் ஒன்று. டர்னிங் ஸ்க்ராப் விற்ற காசு முழுதும் புத்தகத்தில் வருகிறதா? வராத வருமானத்துக்கு விலை கேட்க முடியாது. அக்கவுண்ட்ஸ்காரரே வாங்குபவர்களில் ஒருவர், அவருக்கு எல்லாம் தெரியும்.

மீதி 32 பேரை மறக்க வேண்டாம். "கம்பெனியை விக்கிறாங்களாம்" என்று டீக்கடையில் கேள்விப்பட்டால் முதலில் போவது மிஷினை செட் செய்யும் செட்டர்கள்தான். முதலில் ஆறு பேரிடம் கணக்கைத் திறந்து காட்டுங்கள். பேங்கின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே எல்லோரையும் கூட்டி, பிஎஃப், கிராஜுவிட்டி, சர்வீஸ் எதுவும் உடையாது என்று சொல்லுங்கள். ஷேர் விற்பனையில் கம்பெனி அதேதான், வேலை கொடுப்பவரும் அதே கம்பெனிதான். வாயால் சொல்லாமல் போர்டில் ஒட்டினால் நம்புவார்கள்.

லிமிட் ரினியூவல்:

பேங்க் பக்கத்தை யாரும் தொடவில்லை. நடைமுறையில் இந்த மாதிரி விற்பனை நின்றுபோகிற இடம் அதுதான்.

உங்கள் சாங்ஷன் லெட்டரை (பேங்க் கடன் கொடுத்த கடிதம்) எடுத்துப் படியுங்கள். மூன்று வரிகள் அநேகமாக இருக்கும்: அனுமதி இல்லாமல் ஷேர்ஹோல்டிங் மாறக் கூடாது, அன்செக்யூர்டு லோனை வெளியே எடுக்கக் கூடாது, டிவிடெண்டுக்கும் பைபேக்குக்கும் அனுமதி வேண்டும். ஆக, ஷேரை விற்றுவிட்டு அப்புறம் பேங்குக்குச் சொல்கிறேன் என்பது கிடையாது.

பெரிய விஷயம் ஜாமீன். ஷேர் முழுதும் விற்றாலும் உங்கள் தனிப்பட்ட ஜாமீனும் வீட்டு ஈடும் தானாகப் போகாது. நீங்கள் ஒரு ரூபாய் லாபம் பார்க்காத கம்பெனியின் கடனுக்கு உங்கள் வீடு நிற்கும். பேங்க் விடுவிக்க வேண்டுமென்றால் பதிலுக்கு ஏதாவது வேண்டும். ஆறு பேரும் ஜாமீன் போடலாம், ஆனால் சம்பளக்காரர்களின் நெட்வொர்த் ஸ்டேட்மெண்ட் பேங்குக்குப் பெரிதாகத் தெரியாது. இங்கே சிஜிடிஎம்எஸ்இ (சிறுதொழில் கடனுக்கு ஈட்டுக்குப் பதில் உத்தரவாதம் தரும் திட்டம்) கைகொடுக்கும். 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி, உங்கள் 1.8 கோடி தாராளமாக உள்ளே வரும். வருடா வருடம் கியாரண்டி கட்டணம் உண்டு, அதைக் கம்பெனி செலவில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வீட்டை ஈடாக வைத்துக்கொண்டே அந்தத் திட்டத்துக்கு மாற பேங்க் மேனேஜர் மனசு வைக்க மாட்டார். லிமிட் புதுப்பிக்கும் மாதம்தான் கேட்க வேண்டிய நேரம். இந்த பேங்க் மறுத்தால் வேறு பேங்குக்கு டேக்ஓவர் போகும்போது புதிய ஜாமீன்தாரர்களோடு போங்கள்.

விடுதலையை வாய்மொழியாக வாங்காதீர்கள். உங்கள் பெயர் இல்லாத புதிய சாங்ஷன் லெட்டர், ஜாமீன் விடுவிப்புக் கடிதம், அசல் பத்திரங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரத்தை ஈடு வைத்த பதிவு) ரத்து ரசீது. நாலும் கையில் இருக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

வாங்குகிற ஆறு பேரின் வீட்டிலும் பேசியாக வேண்டும். கணவன் 1.8 கோடிக்குக் கையெழுத்துப் போட்டது மனைவிக்கு பேங்க் ஆள் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால், அவர் மறுநாளே விலகுவார்.

ஆடிட் டேபிள் சாரின் வடிவத்தில் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. பைபேக் 40 லட்சம், தவணைக்கான போனஸ் வரி போக 8.6 லட்சம் போல, சேர்த்தால் 48.6. இருப்பதே 48. மூச்சு விட இடமில்லை. மாத விற்பனை 75 லட்சம். அதில் 40% வாங்கும் ஒரு கஸ்டமர் 60 நாளை 90 நாளாக்கினால் 30 லட்சம் ஒரே இழுப்பில் முடங்கும். சிசி நிரம்பிவிடும், காஸ்டிங் வராது. இதில் 90 லட்சம் அன்செக்யூர்டு லோன் வேறு திருப்ப வேண்டியிருக்கிறது. வருடா வருடம் பைபேக் என்பதை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்று மாற்றுங்கள், இடைப்பட்ட வருடம் லோனில் 30 லட்சம் திரும்பட்டும். மொத்தம் 8, 9 வருடத் திட்டம்.

ஆடிட் டேபிள்:

ஒத்துக்கொள்கிறேன், இடைவெளி விட்டுச் செய்வதே சரி. பைபேக்கை "இந்த வருடம் செய்தே தீர வேண்டும்" என்ற கடமையாக ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். சிசி உபயோகம் 80%-க்குக் கீழே இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள்.

அன்செக்யூர்டு லோன் உங்களுக்கு நல்ல ஆயுதம். அது திரும்பி வரும்போது அசலுக்கு வரி கிடையாது, வட்டிக்கு மட்டும்தான். ஷேருக்கு 3.2 கோடி, லோன் 90 லட்சம், ஆக 4.1 கோடி. இதோடு வாடகையைச் சந்தை அளவுக்குக் கொண்டுவந்தால், 1.1 லட்சம் என்று வைத்தாலும், நீங்கள் கேட்ட 4.5-ஐத் தாண்டியே வரும். காலம்தான் நீளும்.

வாடகைக்குப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் கட்டாயம், குறைந்தது 9 வருடம், 3 வருடத்துக்கு ஒருமுறை ஏற்றம். பத்திரம் இல்லாமல் எந்த பேங்கும் புதிய ஆட்களை நம்பாது, வாங்குகிறவரும் நம்பக் கூடாது. உங்கள் பிள்ளைகள் நாளை இடத்தை விற்றால் கம்பெனியை வாங்கியவர்கள் கதி என்ன? இடத்தை வாங்குபவரையும் இந்தக் குத்தகை கட்டுப்படுத்தும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். மனைவிக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான ஜிஎஸ்டியை கம்பெனிதான் ரிவர்ஸ் சார்ஜில் (கொடுப்பவருக்குப் பதில் பெறுபவர் வரி கட்டுவது) 18% கட்டி கிரெடிட் எடுக்க வேண்டும். பலர் இன்னும் கட்டவில்லை, விற்பனை ஆய்வின்போது தோண்டி எடுப்பார்கள்.

இன்னும் இரண்டு குழிகள். முதலாவது, கம்பெனியே இவர்களுக்கு லோன் கொடுத்து அதில் ஷேர் வாங்கட்டும் என்ற எண்ணம். மேனேஜரை முதலில் டைரக்டர் ஆக்கிவிட்டு லோன் கொடுத்தால் கம்பெனிச் சட்டம் பிரிவு 185 தடுக்கும். பிரைவேட் கம்பெனிக்கு 2015-ல் வந்த விலக்கு, பேங்க் கடன் செலுத்திய மூலதனத்தின் இரண்டு மடங்குக்குள் இருந்தால்தான். உங்களுக்கு இரண்டு மடங்கு 1.6 கோடி, கடன் வரம்போ 1.8. லிமிட் முழுதும் எடுத்திருக்கும் நாளில் விலக்கு கிடைக்காது. போனஸ் ஷேர் கொடுத்து மூலதனத்தை ஏற்றலாம், ஆனால் அந்தப் புதிய ஷேருக்கு வாங்கிய விலை பூஜ்யம், 24 மாதக் கணக்கும் ஒதுக்கிய நாளிலிருந்து புதிதாக ஓடும். இரண்டாவது, யாராவது 10% ஓட்டுரிமையைத் தொட்ட பிறகு கம்பெனி அவருக்குக் கடன் கொடுத்தால் 2(22)(இ)-படி அது டிவிடெண்டாகவே கருதப்பட்டு வரி. 74%-ஐ ஆறாகப் பிரித்தால் தலைக்கு 12 சொச்சம், எல்லோரும் மாட்டுவார்கள். கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கினாலும் இதே கதைதான். அதனால் கடன் கொடுப்பவர் கம்பெனி இல்லை, நீங்கள். விலை பாக்கியாக நிற்கட்டும், விற்ற ஷேரையே அடமானமாக எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட வெற்று எஸ்ஹெச்-4 ஷேர் மாற்றப் படிவத்தைப் பீரோவில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. அந்தப் படிவத்தை 60 நாளில் கம்பெனியிடம் சேர்க்க வேண்டும்.

லெஸ்டர் தமிழன்:

இங்கிலாந்தில் இதற்கென்றே 2014 முதல் ஊழியர் உடைமை அறக்கட்டளை என்று ஒரு வழி இருக்கிறது. பாதிக்கு மேல் ஷேர் அறக்கட்டளைக்குப் போகும். தொழிலாளி பாக்கெட்டிலிருந்து ஒன்றும் போடுவதில்லை, கம்பெனியின் வருங்கால லாபம் அறக்கட்டளை வழியாகப் பழைய முதலாளிக்குப் போகும். ஜான் லூயிஸ் கடைகள் 1929-லிருந்தே அறக்கட்டளை கையில்தான். முதலாளிக்கு மூலதன ஆதாய வரி முழு விலக்காக இருந்தது, 2025 நவம்பர் 26 முதல் ஆதாயத்தில் பாதிக்கு வரி. ஊழியருக்கு வருடம் 3,600 பவுண்ட் வரை போனஸுக்கு வருமான வரி இல்லை. இதை அங்கே செய்ய முடியாதா? ஆறு பேர் என்றில்லாமல் 38 பேருக்கும் போகுமே.

ஆடிட் டேபிள்:

டிரஸ்ட் எழுதலாம், தடை இல்லை. ஆனால் அங்கே ஓடுவதற்கான எண்ணெய் இங்கே இல்லை. பிஎஃப், சூப்பரானுவேஷன், கிராஜுவிட்டி நிதி தவிர வேறு ஊழியர் டிரஸ்டுக்குக் கம்பெனி கொடுக்கும் பணத்தை 40ஏ(9) செலவாக ஏற்காது. 25.17% கட்டிய பிறகுதான் டிரஸ்டுக்குப் போகும். முதலாளிக்கும் வரிச் சலுகை கிடையாது.

38 பேருக்கும் கொடுக்க நினைத்தால் டிரஸ்ட் இல்லாமலேயே முடியும். பிரைவேட் கம்பெனிக்கு உள்ள 200 ஷேர்ஹோல்டர் வரம்பில் ஊழியர்கள் சேர மாட்டார்கள். ஈசாப் (ஊழியருக்கு ஷேர் எடுக்கும் உரிமை தரும் திட்டம்) வழியும் உண்டு, குறைந்தது ஒரு வருடம் காத்திருப்பு. ஆனால் அது கம்பெனி வெளியிடும் புதிய ஷேர். உங்கள் சதவீதம் குறையுமே தவிர உங்கள் கைக்குப் பணம் வராது. ஷேர் எடுக்கும் நாளிலேயே மதிப்பு வித்தியாசம் சம்பளமாக வரி விழும், அதுவும் விற்க முடியாத ஷேருக்கு. மிஷின் ஆப்பரேட்டருக்கு இது வேண்டாம். லாபத்தில் 5% என்று ஒரு பங்கு அவர்களுக்கு எழுதி வைத்தால் அதுவே நன்றாக வேலை செய்யும்.

கூட்டுறவு சங்கம் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால்: இந்தியன் காபி ஹவுஸ், கண்ணூரில் 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடி இரண்டும் தொழிலாளர் கூட்டுறவுதான். இரண்டிலும் கைவேலை அதிகம், மிஷின் குறைவு. ஒரு சிஎன்சி லேத் விலையையும் கச்சாப்பொருள் கடனையும் தாங்கும் மூலதனத்தை ஆளுக்கு ஒரு ஓட்டு என்கிற அமைப்பில் திரட்டுவது கஷ்டம்.

ஈரோடு புரொப்ரைட்டர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது புரொப்ரைட்டர்ஷிப். ஷேரே இல்லை. எனக்கும் இதே திட்டம்தான். முதலில் கம்பெனி ஆக்கிவிட்டால் போதுமா?

ஆடிட் டேபிள்:

ஆக்கலாம். எல்லாச் சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போய், பதிலுக்கு உங்களுக்கு ஷேர் மட்டும் வந்தால் 47(xiv)-ல் மாற்றத்துக்கு வரி இல்லை. நிபந்தனை, 5 வருடம் ஓட்டுரிமையில் 50%-க்குக் குறையாமல் நீங்கள் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் வருடம் 60% விற்றால் விட்டுக்கொடுத்த வரி திரும்ப வரும். ஆகவே 65 வயதில் கைமாற்ற நினைப்பவர் 60-ல் கம்பெனி ஆக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் புதிது, பழைய கிரெடிட்டை ஐடிசி-02 படிவம் போட்டு மாற்றணும். கஸ்டமர்களிடம் வெண்டார் கோடும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும், அதற்கே சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும்.

அவசரம் என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி (பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்) பாருங்கள். ஊழியர்களைப் பார்ட்னராகச் சேர்த்தால், லாபப் பங்கு அவர்கள் கையில் மறுபடி வரிக்கு உட்படாது. தவணை கட்ட அது வசதி. நீங்கள் விலகி வெளியேறும்போது 9பி, 45(4) என்ற இரண்டு வரிப் பிரிவுகளும் வரும், அதற்கு முன்கூட்டியே கணக்குப் போடணும்.

கணபதி டர்னிங்:

எல்லோருக்கும் நன்றி. 5 வருடம் என்பதை 9 என்று மாற்றிக்கொள்கிறேன். டூல் ரூம் அண்ணனுக்கு போனஸ், மற்ற ஐந்து பேருக்கு ஷேர் என்று யோசிக்கிறேன். இரண்டு சந்தேகம்: இரண்டாம் விற்பனையிலும் இதே 400 ரூபாய் என்று இப்போதே எழுதிவிடலாமா? எங்கள் லிமிட் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் எதை முடிக்கணும்?

ஆடிட் டேபிள்:

400 என்று எழுத முடியாது. கைமாறும் நாளில் உள்ள நியாய மதிப்புதான் வரிக்குக் கணக்கு. லாபம் உள்ளேயே தங்கினால் விலை ஏறும், அவர்கள் உழைத்து ஏற்றிய விலையை அவர்களே உங்களுக்குக் கட்டுவார்கள். அது நியாயமில்லை என்று தோன்றினால் இரண்டாம் விற்பனையை முன்னால் கொண்டுவாருங்கள், அல்லது விற்கும் முன் உபரிப் பணத்தை லோன் திருப்பத்தில் வெளியே எடுங்கள். ஒப்பந்தத்தில் விலை வேண்டாம், சூத்திரம் எழுதுங்கள்: அந்த வருட ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட், விதி 11யூஏ, சான்று தருபவர் யார், தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு.

லிமிட் ரினியூவல்:

மார்ச்சுக்கு முன்: கிராஜுவிட்டி ஆக்சுவரி கணக்கு, குத்தகைப் பத்திரப் பதிவு, ஐந்து பேரின் சிபில் அறிக்கை. இதில் ஒருவருக்குப் பழைய வண்டிக் கடனோ கிரெடிட் கார்டோ செட்டில்மெண்ட் என்று இருந்தால் அதைச் சரி செய்யவே மாதங்கள் ஆகும், அதனால் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். பேங்குக்குக் கொடுக்கும் சிஎம்ஏ டேட்டாவில் (வருங்கால வரவுசெலவுக் கணிப்பு) பைபேக்கையும் லோன் திருப்பத்தையும் வருடவாரியாகக் காட்டியே கொடுங்கள், பின்னால் அனுமதி கேட்கும்போது "சாங்ஷனிலேயே இருக்கிறது" என்று காட்டலாம். இந்தப் புதுப்பித்தலில் உங்கள் ஜாமீனை எடுக்கக் கேட்காதீர்கள். ஐந்து பேரைக் கூடுதல் ஜாமீனாகச் சேருங்கள். ஒரு வருடம் கணக்கு ஒழுங்காக ஓடட்டும், அடுத்த மார்ச்சில் சிஜிடிஎம்எஸ்இ-யைப் பேசி வீட்டை வெளியே எடுங்கள்.